மஞ்சள், தேன், வல்லாரை எல்லாம் டிரெஸ்ஸிங்குக்குள்ள போனா சுகர் புண்ணு ஆறுமா?

சுகர் உள்ளவங்களுக்கு கால்ல ஒரு சின்ன புண்ணு வந்தா வீட்ல ரெண்டு கட்சி உருவாகிடும். ஒரு கட்சி மஞ்சளை அரைச்சு வை, வேப்பிலை போட்ட தண்ணில கழுவுன்னு சொல்லும், இன்னொரு கட்சி அதெல்லாம் தொடவே தொடாதன்னு சொல்லும். இப்போ கொஞ்ச வருஷமா மூணாவதா ஒரு குரல் கேக்குது, அதே மஞ்சளையும் வல்லாரையையும் லேப்ல எடுத்துட்டு போய், நானோ ஃபைபர், ஹைட்ரோஜெல்னு புது மாதிரி டிரெஸ்ஸிங்குக்குள்ள வச்சு ஆராய்ச்சி பண்றாங்கன்னு. இது என்ன, எப்படி வேலை செய்யும்னு சொல்றாங்க, எவ்வளவு தூரம் நம்பலாம்னு முதல்முறையா படிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

முதல்ல சுகர் புண்ணு ஏன் ஆற மாட்டேங்குதுன்னு புரிஞ்சாகணும், இல்லன்னா டிரெஸ்ஸிங் பத்தி பேசறதே வீண்.

சாதாரணமா தோல் கிழிஞ்சா நாலு கட்டமா வேலை நடக்கும். ரத்தம் உறையும், அப்புறம் வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் சுத்தம் பண்ணும் (இந்த நேரத்துலதான் சிவந்து வீங்கி இருக்கும்), அப்புறம் புது சதையும் புது ரத்தக்குழாயும் வளரும், கடைசியா தழும்பு இறுகும். சுகர் புண்ணு இதுல ரெண்டாவது கட்டத்துலயே மாட்டிக்கிட்டு நிக்கும். சுத்தம் பண்ண வந்த மேக்ரோஃபேஜ்ங்கற அணுக்கள் வேலை முடிஞ்சதும் குணம் மாறி "சரி, இனி கட்டுமான வேலை"ன்னு போகணும், ஆனா விருந்து முடிஞ்சும் கிளம்பாத சொந்தக்காரங்க மாதிரி அங்கயே உக்காந்து சண்டைக்குண்டான கெமிக்கலையே விட்டுக்கிட்டு இருக்கும். கூடவே எம்எம்பின்னு ஒரு வகை என்சைம் அளவுக்கு மீறி சுரந்து, புதுசா வர்ற கொலாஜனையும் (சதைக்கு வலை மாதிரி தாங்கி நிக்கற புரதம்) வளர்ச்சிக்கான புரதங்களையும் அரிச்சு தின்னுடும். அதாவது உடம்பு ஒரு பக்கம் கட்டுது, இன்னொரு பக்கம் அதுவே இடிக்குது.

இது போதாதுன்னு ரத்தக்குழாய் சுருங்கி இருக்கும், அதனால ஆக்ஸிஜனும் சரி, நாம சாப்பிடற ஆன்டிபயாடிக்கும் சரி, புண்ணு வரைக்கும் போய் சேராது. கிருமிங்க தனித்தனியா இல்லாம பிசின் மாதிரி ஒரு படலத்தை போர்த்திக்கிட்டு கூட்டமா உக்காந்திருக்கும், பயோஃபிலிம்னு சொல்றது இதைத்தான். எல்லாத்துக்கும் மேல நரம்பு மரத்துப் போயிருக்கும். டாக்டர் ஒரு நைலான் நூலை பாதத்துல வச்சு அது வளையற வரைக்கும் அழுத்தி "தெரியுதா"ன்னு கேப்பாங்க பாருங்க, அந்த நூல் சரியா 10 கிராம் அழுத்தத்துல வளையற மாதிரி செஞ்சது, அந்த தொடுதல் கூட தெரியலன்னா செருப்புக்குள்ள ஒரு கல் கிடந்தாலும் தெரியாது. வலி இல்லாததால அதே புண்ணு மேலயே நாள் முழுக்க நடந்துக்கிட்டு இருப்பாங்க. நிறைய புண்ணு ஆறாம போறதுக்கு மருந்து சரியில்லைங்கறதை விட இந்த நடைதான் பெரிய காரணம்.

இப்போ டிரெஸ்ஸிங்குக்கு வருவோம். புண்ணை காத்தாட விட்டு காய வச்சா சீக்கிரம் ஆறும்னுதான் ரொம்ப காலம் எல்லாரும் நினைச்சாங்க, இப்பவும் நிறைய பேர் நினைக்கிறாங்க. 1962-ல ஜார்ஜ் விண்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் பன்றிங்க தோல்ல ஆழமில்லாத காயம் பண்ணி, சிலதை அப்படியே விட்டு, சிலதை பாலிதீன் ஃபிலிம் போட்டு மூடி வச்சு பாத்தார். மூடி வச்ச காயத்துல புதுத்தோல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமா வந்துச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், காஞ்சு பொருக்கு கட்டிட்டா புது தோல் அணுக்கள் அந்த பொருக்குக்கு அடியில ஈரமான இடம் தேடி குடைஞ்சுக்கிட்டு போகணும், ஈரமா இருந்தா மேலாப்புல வழுக்கிக்கிட்டு போயிடும். இன்னிக்கு இருக்கற ஹைட்ரோஜெல், ஃபோம், கடல்பாசியில இருந்து எடுக்கற ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங் எல்லாமே இந்த ஒரு யோசனையோட பிள்ளைங்கதான். ஆனா ஈரம்னா சொதசொதன்னு இருக்கறது இல்ல, அப்படி இருந்தா சுத்தியிருக்கற நல்ல தோலும் வெளுத்து ஊறிப்போய் புண்ணு பெருசாகும். நீர் அதிகமா வடியற புண்ணுக்கு உறிஞ்சற டிரெஸ்ஸிங், காஞ்ச புண்ணுக்கு ஈரம் குடுக்கற டிரெஸ்ஸிங்னு மாத்தி மாத்தி பாக்கறதெல்லாம் இந்த பேலன்ஸுக்குத்தான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா சுஸ்ருத சம்ஹிதைங்கற பழைய ஆயுர்வேத அறுவை சிகிச்சை நூல்ல இதே பேலன்ஸ் பேச்சு இருக்கு. புண்ணுக்குள்ள மருந்து தடவி வைக்கற துணித்திரிக்கு அதுல விகேசிகான்னு பேரு, எள்ளு விழுது, தேன், நெய் எல்லாம் தோய்ச்சு வைக்கறது. அந்த திரி ரொம்ப எண்ணெய்ப்பசையா இருந்தா புண்ணு ஊறி கசியும், ரொம்ப வறண்டு இருந்தா வெடிக்கும், சரியா வைக்கலன்னா புண்ணோட ஓரத்தை உரசும்னு எழுதியிருக்கு. இன்னிக்கு ஒரு நர்ஸுக்கு டிரெஸ்ஸிங் சொல்லிக் குடுக்கும்போது சொல்ற மூணு எச்சரிக்கையும் இதேதான்! மதுமேகம், அதாவது சுகர், இருக்கறவங்க புண்ணு கஷ்டப்பட்டுத்தான் ஆறும்னும் அதே நூல் சொல்லுது, தொழுநோய்க்காரங்க, விஷம் ஏறினவங்க, உடம்பு இளைச்சுப்போனவங்க வரிசையில சேத்து. இன்னும் ஒண்ணு, மதுமேகக்காரங்களுக்கு வர்ற கட்டிகளை கட்டே போடக்கூடாத பட்டியல்ல வச்சிருக்காங்க. அதனால "அந்தக் காலத்துல ஏதோ இலையை அரைச்சு அப்பினாங்க"ன்னு எடுத்துக்கறதும் தப்பு, "எல்லாம் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க"ன்னு தூக்கி வைக்கறதும் தப்பு. கண்ணால பாத்து கவனமா எழுதி வச்சிருக்காங்க, அணுவும் கிருமியும் அவங்களுக்கு தெரியாது, அவ்ளோதான்.

சரி, மஞ்சள். மஞ்சளுக்கு ஒரு பேட்டன்ட் கதையே உண்டு. 1995-ல அமெரிக்காவுல மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு "புண்ணு ஆற மஞ்சள்" அப்படின்னு பேட்டன்ட் குடுத்துட்டாங்க. இந்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் 1996-ல அதை எதிர்த்து பழைய சமஸ்கிருத நூல், 1953-ல வந்த ஒரு இந்திய மருத்துவ இதழ் கட்டுரை எல்லாத்தையும் எடுத்து வைக்க, 1997-ல அந்த பேட்டன்ட் ரத்தாச்சு. இது புதுசு இல்லன்னு நிரூபிச்சோம், சந்தோஷம். ஆனா மஞ்சளுக்கு உரிமை யாருக்குன்னு முடிவாச்சே தவிர மஞ்சள் சுகர் புண்ணை ஆத்துதாங்கற கேள்விக்கு அந்த கேஸ்ல பதில் கிடையாது, நிறைய பேர் இந்த ரெண்டையும் குழப்பிக்கறாங்க.

மஞ்சள்ல முக்கிய சரக்கு குர்குமின். மஞ்சள்தூள்ல இது சுமாரா நூத்துக்கு 3 பங்குதான் இருக்கும், மீதி பெரும்பாலும் மாவுச்சத்து, நார்ச்சத்து இதெல்லாம்தான். குர்குமின் செல்லுக்குள்ள அழற்சியை கிளப்பி விடற என்எஃப்-கப்பா-பிங்கற ஸ்விட்ச்சை அடக்குதுன்னு லேப்ல திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க, அதாவது மேல சொன்ன ரெண்டாவது கட்ட நெரிசலை குறைக்க சரியான ஆளு மாதிரிதான் தெரியுது. பிரச்சனை என்னன்னா இது தண்ணில கரையாது, வெளிச்சம் பட்டா கெடும், அதோட காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது, சோப்புத் தண்ணி மாதிரி) பக்கம் போனா சீக்கிரமே சிதைஞ்சு போகும். உடம்பு சூட்டுல, பிஹெச்சுங்கற அமில-கார அளவு 7.2 இருக்கற, புரதம் எதுவும் இல்லாத கரைசல்ல போட்டா அரை மணி நேரத்துல 90 சதவீதம் காணாம போயிடுது. ரத்தப் புரதம் கூட இருந்தா நல்லாவே தாக்குப் பிடிக்கும், எட்டு மணி நேரம் கழிச்சும் ஏறக்குறைய பாதி மிஞ்சும். இதுல கொடுமை என்னன்னா நல்ல தோல் லேசா அமிலமா இருக்கும், ஆறாத புண்ணுதான் காரப் பக்கம் சாயும். அப்ப மஞ்சளை குழைச்சு அப்பினா அந்த சரக்குல எவ்வளவு, எவ்வளவு நேரம் வேலை செஞ்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

புது டிரெஸ்ஸிங் ஆராய்ச்சி தீக்கப் பாக்கறது இந்த சிக்கலைத்தான். எலக்ட்ரோஸ்பின்னிங்னு ஒரு முறை இருக்கு. ஒரு சிரிஞ்ச்ல பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரி நீளச் சங்கிலிப் பொருள்) கரைசலை எடுத்து அதுலயே குர்குமினை கலந்துடுவாங்க. ஊசி முனைக்கும் எதிர்ல இருக்கற தகடுக்கும் நடுவுல பத்து இருபது ஆயிரம் வோல்ட் குடுப்பாங்க. ஊசி முனையில தொங்கற சொட்டு அப்படியே கூம்பு மாதிரி இழுபட்டு, அதோட நுனியில இருந்து கண்ணுக்கே சரியா தெரியாத நூல் சாட்டை மாதிரி சுழண்டு சுழண்டு பறந்து போய் தகடுல விழும், பறக்கற வழியிலயே கரைப்பான் ஆவியாகிடும். கொஞ்ச நேரத்துல தகடு மேல மெல்லிசா பஞ்சு விரிப்பு மாதிரி ஒண்ணு படியும், குர்குமின் போட்டிருந்தா வெளிர் மஞ்சளா இருக்கும். அந்த நூலோட தடிமன் முடியில நூத்துல ஒரு பங்கு இருந்தாலே அதிகம். நம்ம திசுவுல செல்லுங்க தொத்திக்கிட்டு நகர்ற கொலாஜன் வலையும் ஏறக்குறைய இதே சைஸ்தான், அதனால புது செல்லுக்கு ஏறி நடக்க ஒரு சாரம் கிடைச்ச மாதிரியும் ஆச்சு, குர்குமின் நூலுக்குள்ள பாதுகாப்பா இருந்துக்கிட்டு மெதுவா மணிக்கணக்கா நாள்கணக்கா கசியற மாதிரியும் ஆச்சு. இன்னொரு வழி ஹைட்ரோஜெல், இறால் நண்டு ஓட்டுல இருந்து எடுக்கற கைட்டோசான் மாதிரி பொருள்ல ஒரு வழவழ ஜெல் பண்ணி அதுக்குள்ள மருந்தை நானோ துகளா அடைச்சு வைக்கறது. புண்ணோட பிஹெச் மாறினா, இல்ல சுகர் அளவு ஏறினா, அப்ப மட்டும் மருந்தை விடற ஜெல் எல்லாம் கூட லேப்ல பண்ணி பாக்கறாங்க.

தேன் இதுல தனி ரகம், ஏன்னா இது ஏற்கனவே லேப்பை தாண்டி கடைக்கு வந்தாச்சு. அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-லயே தேன் டிரெஸ்ஸிங்குக்கு அனுமதி குடுத்திருக்கு. தேன்ல தண்ணி கம்மி, சக்கரை ஜாஸ்தி, அதனால கிருமிகிட்ட இருந்தே தண்ணிய உறிஞ்சிடும். அமிலத்தன்மை உண்டு, அதனால காரப் பக்கம் சாஞ்ச புண்ணை கொஞ்சம் இழுத்து பிடிக்கும். தேனீ விட்டுட்டு போன ஒரு என்சைம் தேன் நீர்த்துப் போகப் போக கொஞ்சம் கொஞ்சமா ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். "ஐயோ சுகர்காரங்களுக்கு தேனா"ன்னு கேக்கறவங்களுக்கு, புண்ணு மேல தடவறதும் குடிக்கறதும் ஒண்ணில்ல, ஆனா நான் சொல்ல வர்றது வேற. டிரெஸ்ஸிங்ல இருக்கற தேன் காமா கதிர் அடிச்சு கிருமி நீக்கினது. சமையல்கட்டு தேன்ல பாட்டுலிசம்ங்கற தசையை முடக்கற நோயை வரவைக்கற கிருமியோட விதைத்துகள் இருக்கலாம், அதை காய்ச்சியெல்லாம் போக்க முடியாது. பேரு ஒண்ணுதான், பொருள் ரெண்டு. அதுவும் தேன் டிரெஸ்ஸிங் நல்லா ஜெயிச்சது மேலாப்பு தீக்காயத்துலதான், நடந்த சோதனைங்களையெல்லாம் சேத்து அலசற காக்ரேன் அமைப்பு 2015-ல வெளியிட்ட தொகுப்பு அதைத்தான் சொல்லுது, சுகர் கால் புண்ணுக்கு அதுல தெளிவான ஆதாரம் கிடைக்கல.

கத்தாழை, வேம்பு ரெண்டையும் பத்தி நீட்டி எழுத ஒண்ணும் இல்ல. கத்தாழைச் சோறுல அசிமனான்னு ஒரு சக்கரைச் சங்கிலி இருக்கு, ஈரம் பிடிச்சு வைக்கும், ஜெல் டிரெஸ்ஸிங் பண்றவங்களுக்கு பிடிச்ச பொருள். வேம்பு கிருமியை அடக்கும்னு தட்டுல வளத்து பாத்த சோதனைங்க நிறைய. ஆனா கிருமி மட்டும்தான் சுகர் புண்ணோட பிரச்சனைன்னு இருந்தா ஆன்டிபயாடிக்கே போதுமே.

ஜாத்யாதி தைலம், சித்த மருத்துவத்துல மத்தன் தைலம், இதுங்களை ஆறாத புண்ணுக்கு ரொம்ப நாளா பயன்படுத்தறாங்க. ரெண்டுலயும் மயில்துத்தம் சேருது, அது செம்பு உப்பு. செம்பு கிருமியை கொல்லும், புது ரத்தக்குழாய் வளரவும் அதுக்கு பங்கு உண்டு, அதனால செம்பு ஆக்சைடு சேத்த டிரெஸ்ஸிங்கும் இப்போ இருக்கு. ஆனா செம்பு அளவு கொஞ்சம் தப்பினா அதே திசுவுக்கு விஷம். "மூலிகைதானே, சைடு எஃபெக்ட் இல்ல"ன்னு சொல்றவங்க இந்த தைலத்தோட பட்டியலை முழுசா படிச்சதே இல்லன்னு எனக்கு சந்தேகம், ஒண்ணுல ஊமத்தை வேற இருக்கு.

எல்லாத்தையும் விட ஆதாரத்துல முன்னாடி நிக்கறது நம்ம வல்லாரையும் கற்பூரவல்லியும்தான்னா நம்புவீங்களா. வல்லாரையில இருக்கற ஏசியாட்டிகோசைட் கொலாஜன் உற்பத்தியை தூண்டும்னு பல காலமா தெரியும். தைவான்ல இந்த ரெண்டு செடியோட சாறுல இருந்து பிரிச்செடுத்த பகுதிகளை வச்சு ஓஎன்-101னு ஒரு கிரீம் பண்ணி, சுகர் கால் புண்ணு இருக்கற 236 பேருகிட்ட சோதிச்சு 2021-ல முடிவு வெளியிட்டாங்க. 16 வாரத்துல கிரீம் போட்டவங்கள்ல 60.7 சதவீதம் பேருக்கு புண்ணு முழுசா மூடுச்சு, உறிஞ்சற டிரெஸ்ஸிங் மட்டும் போட்டவங்கள்ல 35.1 சதவீதம். இது அந்த கிளம்பாம உக்காந்திருக்கற மேக்ரோஃபேஜை கட்டுமான பக்கம் திருப்பி விடுதுன்னு விளக்கம் சொல்றாங்க. தைவான் அரசு அதே வருஷம் மருந்தா அனுமதியும் குடுத்துச்சு. யாருக்கு எது போடறாங்கன்னு நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரிஞ்சே நடந்த சோதனை, அதனால கொஞ்சம் குறைச்சுத்தான் எடுத்துக்கணும், ஆனாலும் மனுஷங்ககிட்ட இவ்வளவு ஒழுங்கா பண்ணினது இந்த துறையில அபூர்வம். கவனிச்சீங்களா, அவங்க இலையை அரைச்சு வைக்கல. எந்த பகுதி வேலை செய்யுதுன்னு பிரிச்சு, ஒவ்வொரு டியூப்லயும் அதே அளவு இருக்கற மாதிரி பண்ணி குடுத்திருக்காங்க. நம்ம வீட்டுத் தொட்டியில இருக்கற கற்பூரவல்லியில இந்த மாசம் எவ்வளவு சத்து, அடுத்த மாசம் எவ்வளவுன்னு யாருக்கு தெரியும்?

மத்த மூலிகை டிரெஸ்ஸிங் செய்தி எல்லாம் பாத்தீங்கன்னா பெரும்பாலும் எலியில முடிஞ்சிருக்கும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின்னு ஒரு மருந்து குத்தி எலிக்கு சில நாள்ல சுகர் வரவழைச்சு, முதுகுல வட்டமா தோலை எடுத்து, மேல டிரெஸ்ஸிங் போட்டு பாப்பாங்க. ஆனா எலி தோலுக்கு அடியில ஒரு மெல்லிய தசை இருக்கு, காயம் பட்டா அது சுருங்கி ஓரத்தை இழுத்து மூடிடும், மனுஷ தோல் அப்படி இல்ல, பெரும்பாலும் புது சதை வளந்து மேல தோல் ஊர்ந்து வந்துதான் மூடணும். அந்த எலிக்கு இருபது வருஷ சுகர் கிடையாது, அடைச்ச ரத்தக்குழாய் கிடையாது, மரத்த பாதத்துல எடை வச்சு நடக்கறதும் இல்ல, காயமும் முதுகுல. அதனால "14 நாள்ல 95 சதவீதம் மூடிடுச்சு"ங்கற மாதிரி கிராஃப் பாத்தா அது எலிக்கு மூடிச்சுன்னு மட்டும் எடுத்துக்கோங்க. சுகர் கால் நோய்க்கான உலக அளவிலான நிபுணர் குழு 2023-ல குடுத்த வழிகாட்டுதல்ல தேனும் மூலிகை சேத்த டிரெஸ்ஸிங்கும் புண்ணு ஆற்றதுக்காக பரிந்துரைக்க முடியாதுன்னுதான் நிக்குது, ஆதாரம் பத்தலைங்கறது காரணம். அதே குழு சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட்டுங்கற பொருள் சேத்த டிரெஸ்ஸிங்கை சில புண்ணுக்கு யோசிக்கலாம்னு சொல்லுது, அது அந்த அரிச்சு தின்ற எம்எம்பியை தடுக்கறது, 2018-ல வந்த சோதனையில 20 வாரத்துல 48 சதவீதத்துக்கு மூடுச்சு, அது இல்லாத அதே டிரெஸ்ஸிங்ல 30. சோதனை ஒழுங்கா இருந்தா எந்த ஊரு பொருளா இருந்தாலும் உள்ள விடுவாங்க, மூலிகை மேல யாருக்கும் பகை இல்ல.

இன்னொண்ணு, எந்த டிரெஸ்ஸிங்கும் தனியா நின்னு ஜெயிக்காது. செத்த சதையையும் சுத்தி தடிச்ச காய்ப்பையும் டாக்டர் சீவி எடுக்கணும், ரத்த ஓட்டம் இருக்கான்னு பாக்கணும், அடைப்பு இருந்தா திறக்கணும், சுகர் கட்டுக்குள்ள வரணும், முக்கியமா அந்த இடத்துல எடை விழாம காஸ்ட்டோ (மாவுக்கட்டு மாதிரி) ஸ்பெஷல் செருப்போ போடணும். இதெல்லாம் பண்ணாம குர்குமின் நானோ ஃபைபரை ஒட்டிட்டு அதே கால்ல நடந்தா நானோ ஃபைபரும் நசுங்கும், புண்ணும் நசுங்கும்.

ஆயுர்வேத டாக்டரோ சித்த டாக்டரோ பாக்கறவங்களா இருந்தா, முறையா படிச்சு பதிவு பண்ணவங்களா பாருங்க, பாக்கற ரெண்டு டாக்டர்கிட்டயும் இன்னொருத்தர்கிட்ட என்ன எடுக்கறோம்னு மறைக்காம சொல்லுங்க. வீட்ல அரைச்சதை, பச்சை இலையை, சாணத்தை, சாம்பலை மரத்த கால்ல திறந்த புண்ணு மேல வைக்காதீங்க, மண்ணுல இருக்கற கிருமி அதோட கூடவே வரும். மூலிகை தண்ணி சூடா ஊத்தி கழுவறது அதைவிட மோசம், சூடு தெரியாம வெந்து போயிருக்கும். புண்ணு கறுத்தா, நாத்தம் அடிச்சா, சிவப்பு மேல ஏறினா, காய்ச்சல் வந்தா, புண்ணுக்குள்ள எலும்பு தெரிஞ்சா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. வலி இல்லையேன்னு நாளைக்கு தள்ளாதீங்க, அந்தக் கால்ல வலி வராது.